ஃப்ரீ ஃபெனிடாயின் லெவல் சரியா பாக்குறது எப்படி: ரத்தம் எடுக்குறதுல இருந்து வார்டுக்கு போன் போடுற வரைக்கும்

டயாலிசிஸ்ல இருக்குற ஒரு அம்மா, அறுபது வயசுக்கு மேல, ஃபிட்ஸுக்கு எப்டாயின் (ஃபெனிடாயின்தான், கம்பெனி பேரு இது) 300 மி.கி. சாப்பிட்டுட்டு இருந்தாங்க, ரத்தத்துல லெவல் பாத்தா டோட்டல் 6 தான் வந்துச்சு, கொறைவா இருக்கேன்னு 400 ஆக்கிட்டாங்க, பத்து நாள் கழிச்சு திரும்ப பாத்தா டோட்டல் 8. இன்னமும் 10க்கு கீழதான இருக்கு, இன்னும் ஒரு 50 ஏத்தலாமானு வார்டுல இருந்து கேட்டாங்க. ஆனா அந்த அம்மா சுவத்தை புடிச்சுக்கிட்டுதான் நடக்குறாங்க, கண்ணு ஆடுது, பேச்சு குழறுது. அல்புமின் (ரத்தத்துல மருந்து ஒட்டிக்கிற புரதம்) எவ்வளவுனு கேட்டோம், 2.0னு சொன்னாங்க. மிச்சம் இருந்த சீரத்துல (ரத்தம் உறைஞ்சதும் பிரியுற தெளிவான நீர்) ஃப்ரீ, அதாவது அல்புமின்ல ஒட்டாத மருந்தை மட்டும், போட்டு பாத்தோம், 2.6. இருக்க வேண்டியது 1ல இருந்து 2 வரைக்கும். அதாவது அவங்களுக்கு மருந்து பத்தலைனு நினைச்சுட்டு இருந்த நேரத்துல மருந்து ஓவராகி கெடந்துச்சு.

லேப்ல நான் செய்ற வேலைகள்லயே ரொம்ப மனசு வெச்சு செய்ற டெஸ்ட் இதுதான், அதுக்கு அந்த அம்மாதான் காரணம். இந்த டெஸ்ட்டை பாதி கவனத்தோட பண்ணா பண்ணாம இருக்குறதே மேல், ஏன்னா தப்பான ஃப்ரீ நம்பரை டாக்டர் டோட்டலை விட அதிகமா நம்புவாரு. அதனால ஒவ்வொரு ஸ்டெப்பா, எங்க வழுக்கும்னு சேத்தே எழுதுறேன். லேப்ல வேலை பாக்குறவங்களுக்கும் டூட்டி டாக்டர்களுக்கும்தான் முக்கியமா எழுதுறேன், வீட்ல யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டா நீங்களும் படிக்கலாம். ஆனா இதை வெச்சு மாத்திரையை நீங்களா கூட்டவோ கொறைக்கவோ நிறுத்தவோ கூடாது, திடீர்னு நிறுத்தினா வலிப்பு நிக்காம வர ஆரம்பிச்சுடும்.

டோட்டல் ஏன் ஏமாத்துது

ரத்தத்துல இருக்குற ஃபெனிடாயின்ல 100க்கு 90 பங்கு அல்புமின் மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். மூளைக்குள்ள போய் வேலை செய்றது ஒட்டாம சுத்துற அந்த 10 பங்குதான். டோட்டல் 10–20 மைக்ரோகிராம்/மி.லி., ஃப்ரீ 1–2னு ரேஞ்சு வெச்சிருக்குறதும் அந்த கணக்குலதான்.

இப்ப அல்புமின் பாதியாயிடுச்சுனு வைங்க, ஒட்ட எடம் இல்லாத மருந்து வெளிய வரும், ஆனா வெளிய வந்ததை லிவர் சும்மா விடாது, ஃப்ரீயா இருக்குறதைத்தான் அது உடைக்க முடியும், உடைச்சு உடைச்சு கொஞ்ச நாள்ல ஃப்ரீயை பழைய அளவுக்கே கொண்டாந்துரும். கடைசியில கொறைஞ்சு நிக்கிறது டோட்டல் மட்டும்தான். அந்த அம்மாவுக்கு 300லயே ஃப்ரீ போதுமான அளவு இருந்திருக்கும், டோட்டல் 6னு காட்டினதை பாத்து ஏத்தினதுதான் தப்பாப் போச்சு. அதுலயும் ஃபெனிடாயினோட குணம் வேற மாதிரி, லிவர்ல அதை உடைக்கிற என்சைம் ஒரு அளவுக்கு மேல நெரம்பிடும், அப்புறம் டோஸை கொஞ்சம் ஏத்தினாலும் லெவல் மடமடன்னு ஏறும். 300ஐ 400 ஆக்கினா லெவலும் மூணுல ஒரு பங்குதான் கூடும்னு கணக்கு போட முடியாது, டபுள் ஆனாலும் ஆகும்.

யாருக்கு ஃப்ரீ கேக்கணும்

எல்லாருக்கும் வேண்டாம். நல்லா சாப்பிட்டு நடமாடிட்டு இருக்குற, அல்புமின் 4க்கு மேல இருக்குற, வேற மருந்து எதுவும் இல்லாத ஆளுக்கு டோட்டலே போதும், காசு மிச்சம். கிட்னி ஃபெயிலியர் இருந்தா கண்டிப்பா கேளுங்க, அங்க அல்புமின் கொறையுறது மட்டும் இல்ல, வெளியேறாம தங்கிப் போன கழிவுகள் இருக்குற அல்புமின்ல இருந்தும் மருந்தை தள்ளி விட்டுடும். லிவர் சிரோசிஸ், நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (யூரின்ல புரதம் ஒழுகுற கிட்னி நோய்), தீக்காயம், ஐசியூல பல நாளா இருக்குறவங்க, ரொம்ப வயசானவங்க, இவங்களுக்கும் வேணும்.

கர்ப்பமா இருக்குறவங்களை தனியா சொல்லணும். அல்புமினும் கொறையும், லிவர் மருந்தை உடைக்கிற வேகமும் கூடும், ரெண்டும் சேந்து டோட்டல் ரொம்ப இறங்கும், ஃப்ரீ அந்த அளவுக்கு இறங்காது. டோட்டலை மட்டும் பாத்து ஏத்தினா தாயும் குழந்தையும் தேவைக்கு மேல மருந்து வாங்கும், சரி பாக்கவே வேண்டாம்னு விட்டா நெஜமாவே கொறைஞ்சிருக்குறது தெரியாம போயிடும்.

கூட சாப்பிடுற மருந்துல வால்ப்ரோயேட் (இன்னொரு வலிப்பு மருந்து) இருக்கானு முதல்ல பாருங்க. அது ஃபெனிடாயினை அல்புமின்ல இருந்து தள்ளியும் விடும், லிவர் உடைக்கிறதையும் தடுக்கும், அதனால ஃப்ரீ ரெண்டு பக்கத்துல இருந்தும் ஏறும். அதிக டோஸ் ஆஸ்பிரினும் தள்ளி விடும். இதையெல்லாம் விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு, ஆளோட நெலைமைக்கும் ரிப்போர்ட்ல இருக்குற நம்பருக்கும் ஒத்துப் போகலைனா ஃப்ரீ போடணும். 1964லயே குட் அப்படிங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் லெவலையும் அறிகுறியையும் சேத்து வெச்சு காட்டிட்டாங்க, டோட்டல் 20 தாண்டினா கண்ணு ஆடும், 30 தாண்டினா நடை தள்ளாடும், 40 தாண்டினா புத்தி மந்தமாகும்னு. டோட்டல் 8ல ஒருத்தர் தள்ளாடுறாருனா நம்ப வேண்டியது அவரைத்தான்.

எப்போ ரத்தம் எடுக்கணும்

அடுத்த வேளை மாத்திரை போடுறதுக்கு முன்னாடி, பெரும்பாலும் காலையில. டோஸ் ஆரம்பிச்சோ மாத்தியோ 7ல இருந்து 14 நாள் போயிருக்கணும், அதுக்கு முன்னாடி எடுத்தா லெவல் இன்னும் ஏறிட்டு இருக்கும்போதே பாத்த மாதிரி. மருந்து ஓவராயிடுச்சுனு சந்தேகம் வந்தா நேரம் காலம் பாக்காதீங்க, உடனே எடுங்க. ஊசியில லோடிங் டோஸ் (லெவலை சட்டுனு ஏத்த முதல்ல குடுக்குற பெரிய டோஸ்) குடுத்திருந்தா முடிஞ்சு ரெண்டு மணி நேரம் விடுங்க. ஃபாஸ்ஃபெனிடாயின் குடுத்திருந்தா இன்னும் ஒரு சிக்கல், அது ஒடம்புக்குள்ள ஃபெனிடாயினா மாறுறதுக்கு முன்னாடி எடுத்தா இம்யூனோ அஸ்ஸே (ஆன்டிபாடி வெச்சு மருந்தை அளக்குற முறை) மெஷின் ரெண்டையும் ஒண்ணா எண்ணி லெவலை ஏத்திக் காட்டும். நரம்புல போட்டிருந்தா 2 மணி நேரம், சதையில போட்டிருந்தா 4 மணி நேரம் காத்திருக்கணும்.

டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு டயாலிசிஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. காரணம் ஹெப்பரின், ரத்தம் உறையாம இருக்க டயாலிசிஸ்ல போடுற மருந்து. அது ரத்தத்துல போனதும் கொழுப்பை உடைக்கிற என்சைமை தட்டி விடும், கொழுப்பு அமிலம் கூடும், அது அல்புமின்ல எடம் புடிச்சு மருந்தை வெளிய தள்ளும், ஃப்ரீ சும்மாவே ஏறிக் காட்டும். ஹெப்பரின் போட்டு வெச்சிருக்குற லைன்ல இருந்தும் எடுக்காதீங்க, வேற கையில புது குத்து குத்தி எடுங்க.

ஃபார்ம்ல கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, இப்ப ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, கூட என்ன மருந்து, இந்த மூணும் இல்லாம சாம்பிள் வந்தா நான் வார்டுக்கு போன் போட்டு கேட்டு எழுதிக்குவேன், திருப்பி அனுப்ப மாட்டேன், திரும்ப குத்துப்படப் போறது பேஷன்ட்தான.

எந்த ட்யூப்

சாதா சிவப்பு மூடி ட்யூப். மஞ்சள் மூடி ஜெல் ட்யூப் வேண்டாம், ஜெல் ஃபெனிடாயினை மெதுவா உறிஞ்சிக்கும், சாம்பிள் கொஞ்சமா இருந்து ரொம்ப நேரம் ஜெல் மேலேயே கெடந்தா இன்னும் மோசம். ட்யூப் நெரம்புற அளவுக்கு எடுங்க, 4 மி.லி.யாவது வேணும், மூடியை தேவையில்லாம தெறக்காதீங்க. தெறந்து வெச்சா கார்பன் டை ஆக்சைடு பறந்துரும், சீரத்தோட பிஎச் ஏறும், ஏறினா மருந்து அல்புமின்ல ஒட்டுற அளவே மாறிடும். உறைஞ்சதும் சென்ட்ரிஃபியூஜ்ல (ட்யூபை வேகமா சுத்துற மெஷின்) சுத்தி சீரத்தை தனி ட்யூபுக்கு மாத்தி மூடிடுங்க, அன்னைக்கே ஓட்ட முடியலைனா ஃப்ரிட்ஜுல வைங்க.

ஃபில்டர் ஓட்டுறது

இந்த எடத்துல நிதானமா படிங்க, தப்பு நடக்குறதுல பாதிக்கு மேல இங்கதான்.

தத்துவம் ரொம்ப எளிசு. அல்புமினோட எடை 66,000 டால்டன் சொச்சம், ஃபெனிடாயின் வெறும் 252. நடுவுல 30,000 டால்டன் அளவுல ஓட்டை இருக்குற ஒரு மெம்ப்ரேன் வெச்சு சுத்தினா அல்புமினும் அதுல ஒட்டினதும் மேலயே நிக்கும், ஒட்டாத மருந்து தண்ணியோட கீழ எறங்கும், கீழ எறங்கினதை அளந்தா அதுதான் ஃப்ரீ. ஈக்விலிப்ரியம் டயாலிசிஸ்னு இன்னொரு முறை இருக்கு, துல்லியத்துக்கு அதைத்தான் அளவுகோலா வெப்பாங்க, ஆனா மணிக்கணக்கா ஆகும், தினசரி லேபுக்கு ஒத்து வராது.

சீரத்தை ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்ததும் நேரா ஃபில்டர்ல ஊத்தாதீங்க. 25 டிகிரிக்கு வரட்டும், அரை மணி நேரம் வெளிய வைங்க, நல்லா கலக்குங்க, ஆனா நுரை வராம. அப்புறம் 1 மி.லி. பைப்பெட்டுல எடுத்து ஃபில்டரோட மேல் பாகத்துல மெதுவா விடுங்க, டிப் மெம்ப்ரேனை தொடக் கூடாது, ஒரு கீறல் விழுந்தா அல்புமின் கீழ ஒழுகிடும், ஃப்ரீனு நினைச்சு டோட்டலையும் சேத்து அளப்பீங்க. மூடி போட்டு மூடுங்க.

சென்ட்ரிஃபியூஜ் செட்டிங்ல ஆர்பிஎம் பாத்து போடுற பழக்கத்தை இந்த டெஸ்ட்டுக்காவது விட்டுடுங்க. கிட் தாள்ல குடுத்திருக்குறது ஜி-ஃபோர்ஸ், பெரும்பாலும் 1000ல இருந்து 2000 ஜி வரைக்கும், 15–20 நிமிஷம், ஃபிக்ஸட் ஆங்கிள் ரோட்டார். உங்க மெஷினுக்கு அது எத்தனை ஆர்பிஎம்னு நீங்கதான் கணக்கு போடணும்: ரோட்டார் நடுவுல இருந்து ட்யூப் அடி வரைக்கும் ஸ்கேல் வெச்சு சென்டிமீட்டர்ல அளங்க, அதை 0.00001118ஆல பெருக்குங்க, அப்புறம் ஆர்பிஎம்மோட ஸ்கொயரால பெருக்குங்க. ஆரம் 10 சென்டிமீட்டர், 3000 ஆர்பிஎம்னா 1006 ஜி வரும். அதே 3000, ஆரம் 15 சென்டிமீட்டர் இருக்குற பெரிய மெஷின்ல 1500 தாண்டிடும். ரெண்டு மெஷின்லயும் 3000னு போட்டுட்டு ஏன் ரிசல்ட் ஒத்துப் போகலைனு தலையை பிச்சுக்கிட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

டெம்ப்ரேச்சர்தான் எல்லாத்தையும் விட முக்கியம். சூடு ஏற ஏற மருந்து அல்புமினை விட்டு வெளிய வரும், 37 டிகிரியில ஓட்டினா 25ல ஓட்டினதை விட ஃப்ரீ கூடுதலா வரும். பெரும்பாலான லேப்ல புழங்குற 1–2ங்கிற ரேஞ்சு 25 டிகிரி கணக்குல வந்தது. எங்க லேப்ல ஒரு மே மாசம் மதியம் ஏசி நின்னு போச்சு, ஜன்னல் ஓரத்துல இருந்த தெர்மாமீட்டர் 34 காட்டுச்சு, கூலிங் இல்லாத சென்ட்ரிஃபியூஜ் வேற, உள்ள இன்னும் சூடு. நான் கவனிக்காம ஓட்டிட்டேன். மூணு பேஷன்ட்டுக்கும் ஃப்ரீ தூக்கலா வந்துச்சு, மூணு பேருக்கும் ஒரே நாள்ல எப்படி ஏறும்னு உறுத்துச்சு, ரிப்போர்ட் விடாம சாயங்காலம் ஏசி வந்ததும் மிச்ச சீரத்துல திரும்ப ஓட்டினேன், மூணுமே இறங்குச்சு. அதுல இருந்து ஒவ்வொரு ரன்னுக்கும் ரோட்டார் உள்ள இருக்குற சூட்டை நோட்டுல எழுதுறோம், 25க்கு ரெண்டு டிகிரிக்கு மேல தள்ளி இருந்தா ஓட்டுறதில்ல. கூலிங் சென்ட்ரிஃபியூஜ் இருந்தா அதை 25ல செட் பண்ணி பத்து நிமிஷம் சும்மா ஓட விட்டுட்டு அப்புறம் சாம்பிளை வைங்க.

20 நிமிஷம் முடிஞ்சா கீழ கப்புல 200–300 மைக்ரோலிட்டர் தெளிவா தண்ணி மாதிரி இருக்கும். நெறைய வரட்டுமேன்னு நேரத்தை நீட்டாதீங்க, எல்லா சாம்பிளுக்கும் கண்ட்ரோலுக்கும் (அளவு முன்னாடியே தெரிஞ்ச சோதனை சாம்பிள்) ஒரே நேரம்தான். மஞ்சளா இருந்தாலோ கலங்கலா இருந்தாலோ மெம்ப்ரேன் கிழிஞ்சிருக்கு. தெளிவா இருந்தாலும் ஒரு சொட்டை யூரின் புரோட்டீன் ஸ்ட்ரிப்ல விட்டு பாருங்க, ரெண்டு ரூபா செலவுல மனசு நிம்மதி, பச்சையானா தூக்கிப் போட்டுட்டு புது ஃபில்டர்ல திரும்ப ஓட்டுங்க. கப்பை மூடி வைங்க, அளவு கொஞ்சம்தான், ஏசி காத்துல ஆவியாகி நம்பர் ஏறிடும்.

மெஷின்ல போடுறது

டோட்டலுக்கு போடுற கேலிபரேஷன்ல (தெரிஞ்ச அளவுகளை வெச்சு மெஷினுக்கு போடுற அளவுகோல்) ஃப்ரீயை ஓட்டாதீங்க. டோட்டல் கர்வ் 40 வரைக்கும் போகும், நீங்க அளக்குறது 1, 2 அந்த அளவு, கர்வோட அடி மட்டத்துல 0.3 தப்பு வந்தா டோட்டலுக்கு ஒண்ணும் இல்ல, ஃப்ரீக்கு அது டோஸையே மாத்திடும். ஃப்ரீக்குனு தனி கேலிப்ரேட்டர், தனி கண்ட்ரோல் வாங்குங்க. முக்கியமா ஒரு சீரம் கண்ட்ரோலை ஃபில்டர்ல ஊத்தி சுத்தி கடைசி வரைக்கும் கொண்டு போங்க, ஏற்கனவே தெளிஞ்ச கண்ட்ரோலை மெஷின்ல மட்டும் போட்டா மெஷினைத்தான் சோதிக்கிறீங்க, ஃபில்டரை இல்ல.

கிட்னி ஃபெயிலியர்ல ஃபெனிடாயினோட உடைஞ்ச பொருள் தேங்கி நிக்கும், சில இம்யூனோ அஸ்ஸே அதையும் மருந்துனு எண்ணும். கிட் தாள்ல குறுக்கீடு பத்தி எழுதியிருக்குற பகுதியை ஒரு தடவை ஒக்காந்து படிங்க, சந்தேகமா இருந்தா எச்பிஎல்சி (மருந்தை தனியா பிரிச்சு அளக்குற மெஷின்) இருக்குற எடத்துக்கு அனுப்புங்க.

நம்பர் வந்ததும்

உடனே ரிலீஸ் பண்ணாதீங்க. ஃப்ரீயை டோட்டலால வகுத்து எத்தனை சதவீதம்னு பாருங்க. அல்புமின் 4.2, வேற மருந்து இல்ல, ஆனா 22 சதவீதம்னா நம்பக் கூடாது, ஹெப்பரினா, சூடா, மெம்ப்ரேன் ஒழுகலானு தேடுங்க. அந்த அம்மாவுக்கு 8ல 2.6, அதாவது 32 சதவீதம், சாதா ஆளுக்கு இது அபத்தம், ஆனா அல்புமின் 2, கிட்னி வேலை செய்யல, அதனால பொருந்தி வருது. சதவீதத்தை வெச்சு சாம்பிளை சந்தேகப்படுங்க, டோஸ் முடிவுக்கு ஃப்ரீ நம்பர்தான், சதவீதம் இல்ல.

ஃப்ரீ பாக்க வசதியே இல்லைனா

சின்ன ஊர் ஆஸ்பத்திரியில டோட்டலும் அல்புமினும்தான் இருக்கும். அங்க ஷைனர்-டோசர் ஃபார்முலா உதவும்: அல்புமினை 0.2ஆல பெருக்கி 0.1 கூட்டுங்க, வர்றதை வெச்சு டோட்டலை வகுங்க. கிட்னி கடைசி கட்டத்துல இருந்தா 0.2க்கு பதிலா 0.1. அல்புமின் டெசிலிட்டருக்கு எத்தனை கிராம்னு இருக்கணும். அதே 8ம் 2.0ம் வெச்சு பாருங்க, கிட்னி நல்லா இருந்தா 8 ÷ 0.5 = 16, டயாலிசிஸ் ஆளுனா 8 ÷ 0.3 = 26.7. ஒரே ரிப்போர்ட், ஒண்ணு நார்மல், இன்னொண்ணு விஷம், அதனால எந்த எண்ணை போடுறோம்னு தெரிஞ்சு போடுங்க. வால்ப்ரோயேட்டும் சேத்து சாப்பிட்டா இந்த ஃபார்முலாவை நம்பாதீங்க, தள்ளி விடுற கணக்கு இதுல இல்லவே இல்ல. ஐசியூ ஆளுங்களுக்கும் இது அடிக்கடி தப்பிப் போகும். சீரத்தை பிரிச்சு ஐஸ் பேக்ல வெச்சு பெரிய லேபுக்கு அனுப்ப முடிஞ்சா அதையே செய்ங்க, ஃபார்முலாவை ரிசல்ட் வர்ற வரைக்கும் கைத்தாங்கலா மட்டும் வெச்சுக்கோங்க.

மத்த வலிப்பு மருந்துங்க

வால்ப்ரோயேட்டுக்கு ஃப்ரீ பாக்குறதுக்கு இன்னும் நியாயமான காரணம் இருக்கு, ஏன்னா அல்புமின் நார்மலா இருந்தாலே டோஸ் ஏற ஏற ஒட்டுற எடம் நெரம்பிடும்: டோட்டல் 40ல ஃப்ரீ 10 சதவீதம், 130ல 18.5 சதவீதம். அதாவது டோட்டல் மூணு மடங்கு சொச்சம் ஏறும்போது ஃப்ரீ 4ல இருந்து 24க்கு போயிடுது, ஆறு மடங்கு. டோட்டல் ரேஞ்சு 50–100, ஃப்ரீக்கு ஒவ்வொரு லேபும் வேற வேற ரேஞ்சு போடும், ரிப்போர்ட் குடுத்த லேபோட ரேஞ்சைத்தான் பாக்கணும். ஆளு மந்தமா இருந்தா கூடவே அம்மோனியாவுக்கும் ஐஸ்ல சாம்பிள் எடுத்துடுங்க. வால்ப்ரோயேட் லெவல் திடீர்னு தரை தட்டுச்சுனா மெரோபெனம் (ஒரு ஆன்டிபயாடிக்) ஆரம்பிச்சாங்களானு கேளுங்க, ஓரிரு நாள்லயே அடிச்சு இறக்கிடும்.

கார்பமாசெபின் 75 சதவீதம்தான் ஒட்டும், ஃப்ரீ எப்பவாவதுதான் தேவைப்படும். லெவெடிராசெட்டம், கபாபென்டின் ரெண்டும் ஒட்டுறதே இல்லைனு சொல்லலாம், அதுக்கு ஃப்ரீ கேட்டு ஃபார்ம் வந்தா டோட்டலே போதும்னு சொல்லி காசை மிச்சப்படுத்தி குடுங்க.

ரிப்போர்ட்டும் போனும்

ரிப்போர்ட்ல ஃப்ரீ, டோட்டல், சதவீதம், அல்புமின், கடைசி டோஸ் நேரம், ரத்தம் எடுத்த நேரம், 25 டிகிரியில ஓட்டினதுனு எல்லாம் ஒரே தாள்ல வரட்டும். யூனிட்டை பாத்துக்கோங்க, வெளிநாட்டுல இருந்து வர்ற பழைய ரிப்போர்ட் மைக்ரோமோல்ல இருக்கும், ஃபெனிடாயினுக்கு அதை 3.96ஆல வகுத்தாதான் நம்ம யூனிட்.

ஃப்ரீ 2.5 தாண்டினா நாங்க சிஸ்டம்ல போட்டுட்டு உக்காந்துட மாட்டோம், வார்டுக்கு போன்தான். போன்ல "ஃபெனிடாயின் ஜாஸ்தி"னு மட்டும் சொல்லாதீங்க, டோட்டல் கொறைவா இருக்கும்போது அது கேக்குறவங்களுக்கு கொழப்பத்தைத்தான் குடுக்கும். "டோட்டல் 8தான், ஆனா அல்புமின் 2, ஃப்ரீ 2.6, அடுத்த டோஸ் குடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடுங்க சிஸ்டர்"னு முழுசா சொல்லுங்க, அவங்களை திருப்பி சொல்ல சொல்லுங்க, பேரும் நேரமும் நோட்டுல எழுதுங்க. அந்த அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னோம், அன்னைக்கு ராத்திரி டோஸை நிறுத்தி வெச்சு, அடுத்தடுத்து ஃப்ரீ பாத்துட்டு, 300க்கே திரும்பினாங்க. ரெண்டு வாரம் கழிச்சு டயாலிசிஸுக்கு முன்னாடி எடுத்த சாம்பிள்ல டோட்டல் 5.5, ஃப்ரீ 1.7. ரத்தம் குடுத்துட்டு அவங்களே எந்திரிச்சு நடந்து போனாங்க.